ஒற்றைக் கொம்பு

என் வேலையை மூன்று வார்த்தையில் சொல்லிவிடலாம். பழைய எழுத்து வாசிப்பேன். கல்யாண வீடுகளில் இதைச் சொன்னால், "நாடி ஜோசியமா?" என்று கட்டைவிரலை நீட்டுகிறார்கள். "இல்லை, அரசாங்க வேலை" என்றால் முகம் தொங்கிப்போகிறது.

பெருவெள்ளம் நகரத்தில் பாதியைத் தின்றுவிட்டுப் போன பிறகு, நிலநினைவு என்ற தளத்தைத் திறந்தார்கள். எந்த நாட்டு நூலகத்தில், எந்த ஜமீன் பரணில், எவர் வீட்டுப் பெட்டியில் நம் ஊரின் பழைய வரைபடம் இருந்தாலும் படம் பிடித்து அதில் ஏற்றலாம். தொகுப்பான் என்கிற இயந்திரம் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, கிழிந்ததை ஒட்டி, மங்கியதைத் துலக்கிவிடும். திரையின் அடியில் ஒரு நகர்த்தி இருக்கும். வலது ஓரம் இன்றைய தேதி. இடது பக்கம் இழுக்க இழுக்க மேம்பாலம் மறையும், ரயில் மறையும், உங்கள் தெரு வயலாகும், வயல் புதராகும். முதல் வருடம் ஊரே பைத்தியம் பிடித்ததுபோல் இழுத்துக்கொண்டிருந்தது. சம்பந்தி சொன்ன தென்னந்தோப்பு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்று கண்டுபிடித்து நிச்சயதார்த்தங்கள் நின்றன.

பிறகு சட்டம் வந்தது. பழைய வரைபடத்தில் தண்ணீர் இருந்த இடம் தண்ணீருக்கே. இன்றைக்கு அது மேடா பள்ளமா என்ற பேச்சே கிடையாது. ஏரியில் மண்ணைக் கொட்டி மேடாக்குவது நம் ஆட்களுக்குக் கைவந்த கலை. அதனால் கண்ணை நம்பாதே, வரைபடத்தை நம்பு என்றது சட்டம். பட்டா வைத்திருப்பவர்களுக்கு வேறு இடத்தில் மாற்று வீடு. பட்டா இல்லாதவர்களுக்குச் சாமான் ஏற்ற ஒரு லாரி. சட்டத்தை எழுதியவர்கள் அத்தனை பேரும் பட்டாதாரர்களாக இருந்திருக்க வேண்டும்.

தொகுப்பானுக்கு நிச்சயமில்லாத எழுத்துகளும், பொதுமக்கள் தகராறு செய்யும் எழுத்துகளும் மனிதர்களிடம் வரும். அந்த மனிதர்களில் நான் ஒருத்தி. பெயர் குழலி. நான் 'சரி' என்று அழுத்தினால் அது சட்டம். கர்வமாகத்தான் சொல்கிறேன், நான் நன்றாக வாசிப்பேன்.

பொற்கொடி என்னைத் தேடி வந்தது ஒரு முற்பகலில். அமுதம் நகரில் தையல் கடை வைத்திருக்கிறவள். ஒரு காலத்தில் ஆற்றங்கரையிலிருந்து தூக்கிக்கொண்டுபோய் ஓடைப்பாக்கத்தில் இறக்கிவிடப்பட்ட குடும்பங்கள்தான் அமுதம் நகர். பட்டா தருவதாகச் சொல்லித்தான் இறக்கினார்கள். இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

"மேடம், எங்க ஏரியாவ மடுன்னு போட்டு வெச்சிருக்கீங்களாம். நாளைக்குக் காலைல மெஷின் வருதாம் இடிக்க."

"நான் போடலைங்க. பழைய வரைபடத்துல அந்த இடத்துல 'மடு'ன்னு எழுதியிருக்கு. மடுன்னா ஆழமா தண்ணி நிக்கிற..."

"எங்களுக்கும் தமிழ் தெரியும் மேடம்."

எனக்கு வேண்டியதுதான்.

அவள் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். என் மேசை முழுக்க ஓட்டாஞ்சில்லு. சிவப்பு, கறுப்பு, விளிம்பில் கோடு போட்டது.

"எங்க தோண்டினாலும் இதான் வருது. எம் பொண்ணு இத வெச்சுத்தான் பாண்டி ஆடுறா. தண்ணிக்குள்ள உக்காந்து எவ மேடம் பானை வெச்சு ஆக்கினா?"

"உடைஞ்ச பானையத் தண்ணியில வீசுறது உண்டுங்க. இது சாட்சியா நிக்காது."

"பெருவெள்ளத்துல எங்க தெருவுல செருப்பு நனையல. சுத்துப்பட்டு சனமெல்லாம் எங்ககிட்டதான் வந்து படுத்துது."

"சட்டம் இன்னைக்கு இருக்கிற மேட்டப் பாக்காது."

"அப்ப எதத்தான் பாக்கும்?"

"எழுத்த."

"சரி, எழுத்தப் பாருங்க. நல்லாப் பாருங்க. நான் வெளிய பெஞ்சுல இருக்கேன்." எழுந்தவள், எதையோ நினைத்துக்கொண்டு திரும்பினாள். "நீங்க எங்க மேடம் குடியிருக்கீங்க?"

"உங்க பக்கந்தான். பாட்டர்ஸ் வெல்."

"அந்த டவரா? எங்க மாடியிலேர்ந்து பாத்தா தெரியுமே. உச்சியில சுருட்டி சுருட்டி ஒரு லைட்டு எரியும்."

"அதேதான்."

பாட்டர்ஸ் வெல் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமுதம் நகருக்கு மேற்கே ஒட்டினாற்போல் நிற்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு. நிலநினைவில் அந்த இடத்தில் 'குயவர்' என்று எழுதியிருக்கும், பக்கத்தில் ஒரு கிணற்றுக் குறி. ஆதிகாலத்திலேயே ஆள் குடியிருந்த இடம், வெள்ளம் வராது என்று சொல்லிச் சொல்லித்தான் விற்றார்கள். அந்தக் கிணற்றுக் குறியை அப்படியே வரைபடத்திலிருந்து நகலெடுத்துச் சின்னமாக்கிவிட்டார்கள். வாசல் கதவில், லிஃப்டில், குப்பைத் தொட்டியில்கூட அந்தச் சின்னம் உண்டு. மேலே ஒரு சுழி, அதிலிருந்து இறங்கும் ஒரு வால். கீழ்க்கூடத்தில் சுடுமண்ணில் ஒரு பொய்க் கிணறும் கட்டியிருந்தார்கள். அதில் தண்ணீர் கிடையாது. தண்ணீரெல்லாம் கார் நிறுத்தும் அடித்தளத்தில் இருந்தது.

நானும் ஜெயசீலனும் சம்பாதித்ததெல்லாம் அந்த ஒன்பதாம் மாடி வீட்டில்தான் இருக்கிறது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஆறு வரைக்கும் பார்க்கலாம். அந்த ஜன்னலில் சாய்ந்து காப்பி குடிப்பதற்காகவே நான் காலையில் எழுந்திருப்பேன்.

வரைபடத்தைத் திறந்தேன். "தொகுப்பான், இந்த 'மடு' எந்தத் தாள்ல இருக்கு?"

"கிழக்குத் தாளில்" என்றது. அதற்கு நல்ல தமிழ்க் குரல் கொடுத்திருக்கிறார்கள், செய்தி வாசிப்பதுபோல் பேசும். "இது முதலில் ஒரே பெரிய வரைபடம். மடித்து எடுத்துச் செல்வதற்காகப் பிற்காலத்தில் துண்டுகளாக வெட்டித் துணியில் ஒட்டியிருக்கிறார்கள். கிழக்குத் தாளை ஒரு ஜமீன் வாரிசு வீட்டிலிருந்து பதிவேற்றினார். மேற்குத் தாள் கடல் கடந்து ஒரு நூலகத்தில் இருக்கிறது. இரண்டையும் நான் தனித்தனியாக வாசித்து, பிறகு பொருத்தினேன்."

கிழக்குத் தாளைப் பெரிதாக்கினேன். வட்டமாக ஒரு எல்லைக்கோடு. அதற்குள் 'மடு'. மை கலங்கவில்லை, பூச்சி அரிக்கவில்லை. சந்தேகப்பட இடமே இல்லாத இரண்டு எழுத்து. பொற்கொடியிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு அனுப்பிவிடலாம்.

ஆனால் ஒன்று உறுத்தியது. இதை வரைந்தவர் தாராளமான மனிதர். மற்ற பெயர்களையெல்லாம் சுற்றிலும் இடம்விட்டு, எழுத்துக்கு எழுத்து காற்றாட எழுதியிருந்தார். 'மடு' மட்டும் தாளின் வெட்டு விளிம்பில் முட்டிக்கொண்டு ஆரம்பித்தது.

"மேற்குத் தாளப் பக்கத்துல வை."

வந்தது. அதன் வலது ஓரத்தில் 'குயவர்'. அதையொட்டி, விளிம்போடு விளிம்பாக, சுழியும் வாலுமாக எங்கள் வீட்டுச் சின்னம். குப்பைத் தொட்டியில் தினமும் பார்ப்பதால் சட்டென்று சிரிப்பு வந்தது.

"இந்த வரைபடத்துல வேற கிணறு இருக்கா?"

"நிறைய இருக்கின்றன."

"காட்டு."

காட்டியது. எல்லாம் சதுரம், நடுவில் ஒரு புள்ளி. ஒன்றுகூடச் சுழி இல்லை. என் சிரிப்பு நின்றுபோனது.

"இது மட்டும் ஏன் சுழியா இருக்கு?"

"எழுத்தாக எதனோடும் சேரவில்லை. எனவே குறி என்று கொண்டேன். குயவர் அருகில் இருப்பதால் சக்கரமாகவும் இருக்கலாம். கிணறு என்பதற்கு வாய்ப்பு அதிகம்."

"ரெண்டு தாளுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளிய மூடு. முழுசா."

தமிழ் எழுத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 'மே' என்று சொல்லும்போது முதலில் ஒலிப்பது மகரம். எழுதும்போது முதலில் வருவது கொம்பு. மாப்பிள்ளைக்கு முன்னால் நாதஸ்வரம் வருவதுபோல் அது முன்னால் வந்து நிற்கும், ஆள் பின்னால் வருவார். ஒன்றாம் வகுப்பில் பழகிவிட்டதால் நமக்கு அது வித்தியாசமாகவே படுவதில்லை. இன்னொன்று, அந்தக் காலத்தில் எழுதியவர்கள் குறிலுக்கும் நெடிலுக்கும் சேர்த்து ஒற்றைக் கொம்பைத்தான் போட்டார்கள்.

தாள்கள் நெருங்கின. சுழி போய் மகரத்தின் முன்னால் நின்றது.

குயவர்மேடு.

யாரோ ஒரு புண்ணியவான் கத்தரிக்கோலைக் கொம்புக்கும் மகரத்துக்கும் நடுவில் விட்டிருக்கிறான். ஒரு பெயர் இரண்டாகி, மேற்கே குயவரும் கிணறும், கிழக்கே மடு. எங்கள் வீட்டு வாசலில் விளக்குப் போட்டு மின்னிக்கொண்டிருந்தது கிணறே அல்ல. ஒரு கொம்பு.

எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். இந்த வேலையில் இப்படி ஒரு நிமிடம் எப்போதாவதுதான் வரும். "இத வாசி" என்றேன்.

"குயவர்மேடு" என்றது தொகுப்பான். "ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் வட்டமான எல்லைக்கோடு மடுவின் கரை அல்ல, மேட்டின் அடிவாரம். ஆனால் ஒரு விளைவு இருக்கிறது. மேற்குத் தாளில் ஒரு வாய்க்கால் வருகிறது. அது கிழக்கே உள்ள மடுவில் விழுவதாக இதுவரை கணக்கிட்டேன். வாய்க்கால் மேட்டில் ஏறாது."

"அப்ப தண்ணி எங்க போச்சு?"

"எங்கும் போகவில்லை. மேற்கிலேயே நின்றிருக்கிறது. குயவர் என்ற பெயரும் அங்கே இல்லை என்றாகிவிட்டதால், அது ஆளில்லாத தாழ்நிலம். நீர்நிலை."

மேற்கே யார் வீடு இருக்கிறது என்று நான் கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. என்றாலும் தொகுப்பான் விதிப்படி பட்டியலைத் திறந்தது. பாட்டர்ஸ் வெல், அத்தனை மாடிகளும். அதில் ஒரு வரி மட்டும் மஞ்சளாக மின்னியது.

"திருத்தத்தால் பாதிக்கப்படும் மனைகளில் உங்களுடையதும் உள்ளது. விதிப்படி நீங்கள் விலக வேண்டும். மனு வேறொரு வாசிப்பாளரின் வரிசைக்குப் போகும்."

"அவர் எப்பப் பாப்பார்?"

"தற்போதைய வரிசையில், மழைக்காலத்துக்குப் பிறகு."

"அமுதம் நகர இடிக்கக் கூடாதுன்னு இருக்கிற தடை?"

"இன்று மாலையோடு முடிகிறது. ஒரு மனுவுக்கு ஒரு தடைதான்."

நேர்மையாக விலகினால் நாளைக் காலை இடிக்கும் இயந்திரம் வந்துவிடும். விலகாமல் கையெழுத்துப் போட்டால், பின்னால் எவனாவது கண்டுபிடித்துத் திருத்தத்தையே செல்லாது என்பான். மறுபடியும் இயந்திரம் வரும். என் வீடு மட்டும் ஜம்மென்று நிற்கும். விதி அழகாகத்தான் எழுதப்பட்டிருந்தது.

ஆனால் நான் எழுத்து வாசிக்கிறவள். விதியையும் ஒருமுறை எழுத்தெண்ணி வாசித்தேன். 'பட்டியலில் உள்ள மனையில் உரிமை உடையவர்' விலக வேண்டும். உரிமை உடையவர்.

நிலநினைவின் பொதுப்பக்கத்தில், யாரும் தொடாத ஓரத்தில், ஒரு பொத்தான் உண்டு. நீருக்கு ஒப்படைத்தல். சட்டம் கேட்பதற்கு முன்னால் தானாகவே தன் மனையைத் தண்ணீருக்குக் கொடுத்துவிடலாம். தானம் என்பதால் மாற்று வீடு கிடையாது. தாமரைப் படம் போட்ட சான்றிதழ் உண்டு.

"இத யாராவது அழுத்தியிருக்காங்களா?"

"இதுவரை இல்லை" என்றது தொகுப்பான்.

வீடு இருவர் பெயரிலும் இருந்தது. ஜெயசீலனைத் திரையில் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். குடியிருப்போர் சங்கச் செயலாளர் அவன். அவன் முகத்தில் கணவன் ஒருமுறை, செயலாளர் ஒருமுறை என்று மாறி மாறி வந்துபோனார்கள்.

"நம்ம வீட்ட நாம குடுக்கலாம் குழலி. அது நம்ம கொழுப்பு. மத்தவங்க வீட்ட எடுக்க நீ யாரு?"

"நான் யாரு வீட்டையும் எடுக்கல. எழுத்த வாசிக்கிறேன்."

"இது தப்பிக்கிற பேச்சு."

அவன் சொன்னது சரி. சுருக்கென்றது. "சரி, எடுக்கிறேன்னே வெச்சுக்கோ. அவங்களுக்கு மாற்று வீடு வரும். திட்டுவாங்க, போவாங்க. அமுதம் நகருக்கு லாரி மட்டுந்தான் வரும். அந்த லாரி எங்க போய் நிக்கும் சொல்லு."

அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

"சீலன், அடித்தளத்துல எத்தன மோட்டார் ஓடுது?"

"அது தோட்டத்துக் குழாய் கசிவு."

"போன மழைக்கு நம்ம கார் பக்கத்துல ஒரு பையன் கெளுத்தி மீன் பிடிச்சானே, அதுவும் கசிவா? குரூப்ல மீனப் பத்திப் பேச வேணாம், வீட்டு மதிப்புக் குறையும்னு சுற்றறிக்கை எழுதினது யாரு?"

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். வீட்டுக்குள்தான் நின்றுகொண்டிருந்தான். பின்னால் என் சமையலறை ஜன்னல் தெரிந்தது.

"நாலாவது மோட்டார் நேத்துதான் ஆர்டர் போட்டேன்" என்றான் மெதுவாக. "தினமும் காலைல போய் டார்ச் அடிச்சுப் பாப்பேன். ஒவ்வொரு தடவையும் ஒரு படி மேல நிக்கும். யார்கிட்டயும் சொல்லல. உன்கிட்டகூட."

"எனக்குத் தெரியும்."

"இன்னொரு பெருவெள்ளம் வந்தா..."

"அதுவும் தெரியும்."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பி ஆற்றைப் பார்த்தான். எனக்கும் பார்க்க வேண்டும் போலிருந்தது. அழுகை வந்தது, அழுதேன். அலுவலகத்தில் அழுவது எனக்குப் பிடிக்காது, ஆனால் அந்த வீடு எனக்கு அவ்வளவு பிடிக்கும். திரும்பி வந்து அவன் கட்டைவிரலைத் திரையில் வைத்தான். நானும் வைத்தேன். தாமரைச் சான்றிதழ் வந்தது. தாமரையை மட்டமாக வரைந்திருந்தார்கள்.

"மீண்டும் சரிபார்க்கிறேன்" என்றது தொகுப்பான். "பட்டியலில் உங்களுக்கு உரிமையுள்ள மனை எதுவும் இல்லை. தொடரலாம்."

சரி என்று அழுத்தினேன்.  வாசிப்பில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

வெளியே பெஞ்சில் பொற்கொடி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "உங்க ஊர் பேரு அமுதம் நகர் இல்லைங்க" என்றேன். "குயவர்மேடு. மெஷின் வராது. பழைய குடியிருப்புன்னு பதிவாயிடுச்சு, பட்டாவும் குடுத்தாகணும்."

அவள் நன்றி சொல்லவில்லை. "சில்லு மேசையிலயே கெடக்கு மேடம், பொண்ணு தேடுவா" என்று உள்ளே போய் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டாள். போட்டு முடித்த பிறகுதான் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினாள்.

பாட்டர்ஸ் வெல்லில் எங்களை வாழ்த்தி வழியனுப்பவில்லை என்று சொல்லத் தேவையில்லை. குரூப்பில் என்னைத் துரோகி என்றார்கள். கடைசியில் நீக்கினார்கள். அட்மின் ஜெயசீலன் என்பதால் நீக்கியதும் அவன்தான். எதிர் வீட்டு ஃபெலிசியா, ஊருக்குப் போகும்போதெல்லாம் என்னிடம் சாவி கொடுத்துவிட்டுப் போகிறவள், சாமான் இறக்கிய அன்று கதவைத் திறக்கவே இல்லை. அது மட்டும் இன்னும் வலிக்கிறது. அவர்களுக்கெல்லாம் மாற்று வீடு கிடைத்தது. மழைக்காலம் வந்தபோது மோட்டாரை நிறுத்திவிட்டார்கள். பொய்க் கிணற்றில் முதல்முறையாகத் தண்ணீர் வந்தது.

எங்களுக்கு மாற்று வீடு கிடையாது. தானம் கொடுத்தவர்கள் அல்லவா. தண்ணீர் வராத இடமாக வாடகைக்குத் தேடினோம். பக்கத்திலேயே ஒரு மேடு இருந்தது. பொற்கொடியின் தையல் கடைக்கு மேல் மாடி வீடு. சாவியைக் கொடுத்த அன்றைக்கு 'மேடம்' போய் 'குழலி' வந்தது. இங்கே ஜன்னலிலிருந்து ஆறு தெரியாது. பாட்டர்ஸ் வெல்லை இடித்த இடத்தில் பரந்து கிடக்கும் நீர்தான் தெரியும். காப்பிக்கு அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

போன வாரம் தெரு முனையில் வளைவு கட்டினார்கள். கரண்ட் போனாலும் பேர் தெரிய வேண்டும் என்று பொற்கொடி பிடிவாதமாகப் பெயின்டரைக் கூட்டிவந்து தகட்டில் எழுதவைத்தாள். நான் வேலைக்குக் கிளம்பி இறங்கினேன். மேலே ஏற்றுவதற்குத் தயாராகத் தகடுகள் சுவரில் சாய்ந்திருந்தன. பச்சையில் மஞ்சள் எழுத்து, பிரமாதமான கை. தகடு நீளம் போதாமல் இரண்டாக எடுத்திருந்தார். முதல் தகட்டில் 'குயவர்', அதன் கடைசியில் இடம் இருக்கிறதே என்று மேகாரத்தின் கொம்பு. இரண்டாம் தகட்டில் 'மடு'.

"அண்ணே, இத மாத்தி எழுதுங்க."

"ஏம்மா, எழுத்து தப்பா?"

"எழுத்து சரி. கொம்ப இந்தத் தகட்டுல போடுங்க. மடுவோட."

"மேல ஏத்தி வெல்டு வெச்சா ரெண்டும் ஒண்ணாயிடும்மா. எவன் பாக்கப்போறான்?"

"ஒரு தகடு கழண்டு விழுந்துச்சுன்னா?"

அவர் முதல் தகட்டைக் கையால் மறைத்துக்கொண்டு மிச்சத்தை வாசித்தார். பொற்கொடி கடைக்குள்ளிருந்து கத்தரிக்கோலோடு எட்டிப் பார்த்தாள். வாசித்தவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஒரு கொம்புக்காக ரெண்டு தகட்டையும் அழிக்கணுமாம்மா?" என்றார் பெயின்டர்.

"அந்தக் கொம்பு இருந்த இடத்துலதான்ணே எனக்கு வீடு இருந்துச்சு."

அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, மண்ணெண்ணெய்த் துணியை எடுத்தார்.